மருந்து பட்ட கை

எங்கள் ஊர் திருத்தங்கலில் மருந்து என்றதும் யாருக்கும் மாத்திரை நினைவுக்கு வராது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் எல்லாம் சலித்துக் கலந்த சாம்பல் நிறப் பொடிக்குத்தான் இங்கே மருந்து என்று பெயர். அதைக் கலக்கும் இடம் மருந்தறை. குழாய்க்குள் அதை அடைப்பது மருந்து செலுத்துவது. ‘அவரு மருந்து வேலை’ என்று யாரையாவது காட்டினால் அவர் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. பயராபீஸில் எல்லாரையும்விட ஆபத்தான அறையில் உட்கார்ந்திருப்பவர். பட்டாசுத் தொழிற்சாலையை இந்தப் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ், பயராபீஸ். உட்கார நாற்காலி இல்லாத ஆபீஸ்கள்.

ஆக, இந்த ஒரு சொல் எங்கள் பக்கம் மூன்று வேலை பார்க்கிறது. கையை எரிப்பது வெடிமருந்து. எரிந்த கைக்குத் தடவுவதும் விழுங்குவதும் மருந்து. விழுங்குவது அளவு மீறிப்போனால் அது போதை மருந்து. மூன்றும் ஒரே உடம்பில் வந்து சேரும்போது அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது, அந்த உடம்புக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றால் என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு.

பேசும் வசதிக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்றே இருக்கட்டும். வயது 45. பத்து வருஷத்துக்கு முன்னால் மருந்தறையில் பொறி தட்டி வலது கையும் கழுத்தும் வெந்தன. பிழைத்தார். தோல் ஒட்டினார்கள். விரல்கள் முழுதாக மடங்காது. இப்போது வேறொரு ஆபீஸில் கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி ஒரு குவார்ட்டர். குவார்ட்டர் போதாமல் போனபோது யாரோ சொல்லி, மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கினார். அது ஒன்று இரண்டாகி, இப்போது நாளுக்கு ஆறு.

வெடிவிபத்து நடந்தால் செய்தி வரும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் போனார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். செத்தவர்களின் எண்ணிக்கை தலைப்பில் இருக்கும். ‘காயமடைந்தோர் அரசு மருத்துவமனையில் அனுமதி’ என்பது கடைசி வரி. அண்ணாச்சி அந்தக் கடைசி வரியில் இருந்து எழுந்து வந்த ஆள்.

அவருடைய வலி எங்கே இருக்கிறது என்று பார்க்க, விருதுநகர் வத்தல் மண்டிப் பக்கம் போக வேண்டும். மூட்டை பிரிக்கும்போது மூக்கிலும் கண்ணிலும் ஏறுகிற அந்தக் காந்தலுக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். மிளகாய் உண்மையில் சுடுவதில்லை. ஆனால் நம் நரம்பு முனைகளில் சூட்டை உணர்வதற்கென்று ஒரு புரதக் கதவு இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் திறந்துகொண்டு ‘சுடுது’ என்று தகவல் அனுப்பும். கேப்சைசின் அந்தக் கதவைக் கள்ளச்சாவி போட்டுத் திறக்கிறது. மிளகாயின் துணையோடு 1997இல் இந்தக் கதவைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெந்த இடத்தில் இந்தக் கதவின் பூட்டு தளர்ந்துவிடுகிறது. சிதைந்த செல்கள் கொட்டும் அழற்சிப் பொருட்கள் அதன் திறப்பு அளவைக் கீழே இறக்கிவிடுகின்றன. 43 டிகிரியில் திறக்க வேண்டியது 37க்குக் கீழேயே திறந்துகொள்ளும். அதாவது, நம்முடைய சொந்த ரத்தத்தின் சூடே சுடும். தீக்காய வார்டில் போர்வை பட்டால் அலறுவதில் இதற்கும் பங்கு உண்டு. இன்னொரு விநோதமும் உண்டு. தோலின் முழு ஆழமும் வெந்துபோன இடத்தில் முதல் நாள் வலியே தெரியாது, நரம்பு முனைகளும் சேர்ந்து எரிந்துபோயிருக்கும். சுற்றியிருக்கும் அரைவேக்காட்டுப் பகுதிதான் உயிரை எடுக்கும். ஆழத்தில் வெந்ததன் வலி பிறகு வரும், நரம்பு மறுபடி முளைக்கும்போது.

முளைக்கிற நரம்பு பழைய பாதையில் ஒழுங்காகப் போவதில்லை. தழும்புக்குள் சிக்கி, முடிச்சு விழுந்து, யாரும் தொடாதபோதே தானாகச் சுடத் தொடங்கும். ஊசி குத்துகிற மாதிரி, கரண்ட் அடிக்கிற மாதிரி, சில பேருக்குத் தாங்க முடியாத அரிப்பாக. இத்தனையும் தோலோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. வாரக்கணக்கில் இடைவிடாமல் வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால் முதுகுத்தண்டு அதைக் கேட்டுச் சும்மா இருப்பதில்லை; ஒலிபெருக்கியின் குமிழைத் திருகி வைத்துவிடுகிறது. குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வழியாக அங்கே நரம்புச் செல்களின் உணர்திறன் கூடிவிடுகிறது. முதுகுத்தண்டில் உணர்திறன் இப்படிக் கூடுவதைக் கிளிஃபர்ட் வூல்ஃப் 1983இல் எலிகளில் காட்டினார். காயம் ஆறிய பிறகும் குமிழ் இறங்காமலே நின்றுவிடுவதுண்டு. சாதாரணத் தொடுகை வலியாகவும், சின்ன வலி பெரிய வலியாகவும் போய்ச்சேரும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. ‘புண்ணுதான் ஆறிப்போச்சே, இன்னும் என்ன வலி?’ என்று வீட்டில் கேட்பார்கள். புண் ஆறியது உண்மை. வலி இருப்பதும் உண்மை.

குவார்ட்டருக்கு வருவோம். வலியை மறக்கக் குடிக்கிறான் என்பது சினிமா வசனம் மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் அதற்குள் மருந்தியல் உண்டு. 1846இல் ஈதர் வந்து சேரும்வரை அறுவைக்கு முன்னால் சாராயம் கொடுப்பது பல இடங்களில் இருந்த வழக்கம். மது மூளையின் அமைதிப்படுத்தும் பாதைகளுக்குப் பலம் சேர்க்கிறது. குளூட்டமேட் கதவுகளில் ஒன்றை அடைக்கிறது. முதுகுத்தண்டில் குமிழைத் திருகியதாகச் சொன்னேனே, அதே கதவுதான். ஆகவே அண்ணாச்சிக்கு முதல் சில மாதம் குவார்ட்டர் நிஜமாகவே வேலை செய்தது. அவர் பொய் சொல்லவில்லை.

பிறகு மூளை கணக்கை நேர்செய்தது. தினமும் அடைக்கப்படும் கதவுக்கு ஈடாக இன்னும் நிறையக் கதவுகளை வைத்துக்கொண்டது. ராத்திரி போதை இறங்கிய பிறகு, விடிகாலை மூன்று மணிக்கு, அத்தனை கதவும் திறந்து கிடக்கும். வியர்வை, படபடப்பு, தூக்கம் கலைதல், நேற்றைவிடக் கூடுதலான வலி. பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கும்வரை அவர் எதிர்கொள்வது பழைய தீக்காயத்தின் வலி மட்டும் இல்லை; அதன்மேல் மது இறங்கும்போது வரும் வலியும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வருஷக்கணக்கில் போனால் இன்னொன்றும் சேரும். சாப்பாடு குறைந்து, தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்து, மதுவின் நஞ்சும் நேரே தாக்கி, பாதங்களின் நரம்பு கெடும். கால் எரியுது என்பார். கையில் வெந்தவருக்குக் கால் ஏன் எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை.

இனி மாத்திரை. மெடிக்கலில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் டிராமடால் அல்லது டேபென்டடால் வகையாக இருக்கும். டிராமடால் ஜெர்மனியில் 1977இல் விற்பனைக்கு வந்தது. பழக்கம் பிடிக்காது என்ற நற்பெயரோடு உலகைச் சுற்றியது. நம் நாட்டில் 2014இல் அது எச்1 பட்டியலில் சேர்ந்தது. விற்றால் மருந்துக்கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளேயே கொண்டு வந்தார்கள். டிராமடால் இறுகியதும் டேபென்டடால் பக்கம் கூட்டம் நகர்ந்தது. சென்னையிலும் மதுரையிலும் இளைஞர்கள் இதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு பிடிபடும் செய்திகளை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையில் கரையாத மாவுப்பொருள் உண்டு. ரத்தக்குழாயில் போனால் அடைக்கும், சீழ் வைக்கும். எங்கள் அண்ணாச்சி ஊசிக்குப் போகவில்லை. அவருக்குப் போதை வேண்டாம், தூக்கம் வேண்டும். ஆனால் மாத்திரைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இவை எல்லாம் அபின் குடும்பத்தின் செயற்கை வாரிசுகள். குழம்புக்கு அரைக்கிற கசகசா எந்தச் செடியின் விதையோ அந்தச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார் செர்ட்யூனர் என்ற ஜெர்மன் மருந்தாளர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஒரு செடியின் பால் நம் நரம்பில் வந்து பொருந்துவானேன் என்ற கேள்விக்கு 1973இலும் 1975இலும் விடை வந்தது. முதலில் மூளையில் அந்தப் பாலுக்கென்றே அமைந்தது போன்ற ஏற்பிகளைக் கண்டார்கள். பிறகு, உடம்பே சுரக்கும் சொந்த அபின்களை. செடி நம் வீட்டுப் பூட்டுக்குத் தற்செயலாகப் பொருந்திய சாவி.

அந்தச் சாவியைத் தினமும் ஆறு முறை திருகினால் பூட்டு தேயும். ஏற்பிகள் மந்தமாகும், சில செல்லுக்குள்ளே ஒளிந்துகொள்ளும். இது தாங்குதிறன், ஒன்று ஆறானதன் காரணம். அதிகம் பேசப்படாத விஷயம் இதற்கு அடுத்தது. நீண்டநாள் அபின் வகை எடுத்துக்கொண்டவரின் உடம்பு வலிக்குக் கூடுதல் கூர்மையோடு எதிர்வினை செய்கிறது. இதைச் சோதிக்க ஆய்வுக்கூடத்தில் செய்வது மிக எளிது: ஐஸ் தண்ணீர் வாளிக்குள் கையை வைக்கச் சொல்லி, எத்தனை நேரம் தாங்குகிறார் என்று பார்ப்பது. மெத்தடோன் என்ற அபின் வகை மாற்று மருந்துச் சிகிச்சையில் இருப்பவர்கள் மற்றவர்களைவிட வெகு சீக்கிரம் கையை எடுத்துவிடுகிறார்கள். ‘போதைக்காரனுக்கு உடம்பு மரத்துப்போயிருக்கும், ஊசி குத்தினாலும் தெரியாது’ என்று வார்டில் ஒரு நம்பிக்கை உண்டு. வாளித் தண்ணீர் அதை நேர் எதிராகப் புரட்டிப் போடுகிறது. அவருக்குத்தான் கூடுதலாக வலிக்கிறது. அவருக்குத்தான் வழக்கமான டோஸ் பத்தாது.

இந்த அண்ணாச்சி இப்போது ஒரு வெளிநோயாளர் வரிசையில் நிற்கிறார். டாக்டர் கேட்கிறார். இவர் மாத்திரையின் பெயரைச் சரியாகச் சொல்கிறார், மில்லிகிராம் உட்பட. அந்த நொடியில் அவர் நோயாளியாக இருப்பது முடிந்துவிடுகிறது. மாத்திரைக்கு வந்தவன். கண்ணைப் பார், கையைப் பார், வாயில் வாடை வேறு.

சந்தேகம் இந்த ஊருக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் கட்டுரைக் காதையில் எங்கள் ஊர் தங்கால் என்ற பெயரில் வருகிறது. வார்த்திகன் என்பவரின் சின்னப் பையனுக்கு வழிப்போக்கர் ஒருவர் நகைகளைப் பரிசாகத் தருகிறார். இவ்வளவு நகை இவன் வீட்டுக்கு எப்படி வந்தது, புதையலை அமுக்கிவிட்டான் என்று அதிகாரிகள் வார்த்திகனைச் சிறையில் தள்ளுகிறார்கள். ஐயை கோயில் கதவு திறக்க மறுக்க, பாண்டியன் விசாரித்து உண்மை அறிந்து மன்னிப்புக் கேட்டு, தங்காலையும் வயலூரையும் கொடுக்கிறான். கையில் நகை இருப்பதே திருட்டுக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்ட அந்த அதிகாரிகளுக்கும், மாத்திரைப் பெயர் தெரிந்திருப்பதே போதைக்குச் சாட்சி என்று எடுத்துக்கொள்பவர்களுக்கும் நடுவில் எனக்குப் பெரிய தூரம் தெரியவில்லை. பத்து வருஷம் வலியோடு இருந்தவருக்கு மாத்திரைப் பெயர் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தத் தவறான வாசிப்புக்கு மருத்துவத்தில் பெயரே வைத்தார்கள். வலிக்குப் போதிய சிகிச்சை கிடைக்காதவர் கடிகாரத்தைப் பார்ப்பார், கெஞ்சுவார், சண்டை போடுவார், கூட்டிச் சொல்வார். பார்ப்பதற்கு அப்படியே போதை அடிமை மாதிரி இருக்கும். வலியைக் குறைத்தால் இந்த நடத்தை மறைந்துவிடும். வைஸ்மனும் ஹேடாக்ஸும் 1989இல் இதைப் போலி அடிமைத்தனம் என்று விவரித்தார்கள். நல்ல கருத்து. ஆனால் அதற்கு நேர்ந்த கதியையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் வலி மாத்திரைக் கம்பெனிகள் இந்தச் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டன: நோயாளி மேலும் கேட்கிறாரா, அது அடிமைத்தனம் இல்லை, டோஸ் பத்தவில்லை, இன்னும் கொடுங்கள். கூடவே 1980இல் ஒரு மருத்துவ இதழில் வந்த, ஐந்தே வாக்கியமுள்ள ஒரு கடிதத்தை வேதவாக்காக்கினார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளுக்கு அடிமைத்தனம் அபூர்வம் என்ற அந்தக் குறிப்பை, வீட்டில் வருஷக்கணக்காக மாத்திரை விழுங்குபவர்களுக்கும் பொருந்தும் என்று காட்டினார்கள். 1996இல் ஆக்ஸிகாண்டின் என்ற அபின் வகை வலி மாத்திரை சந்தைக்கு வந்தது. அதன் பிறகு நடந்த சாவுகள் உலகறிந்தவை. 2016இல் கட்டுப்பாட்டு வழிகாட்டுதல் வந்ததும் ஊசல் மறுபக்கம் போனது. வருஷக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தவர்களின் மாத்திரையைத் திடீரென நிறுத்தினார்கள், சிலர் தெருப் போதைக்குப் போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள். 2022இல் அந்த வழிகாட்டுதலைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

அமெரிக்கா அளவில்லாமல் கொடுத்துக் கெட்ட அதே காலத்தில் இந்தியா வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இல் வந்தது. கடுமையான தண்டனை, மார்ஃபின் வைத்திருக்க அடுக்கடுக்காக உரிமங்கள். ஆஸ்பத்திரிகள் தொல்லையே வேண்டாம் என்று விட்டுவிட்டன. 1985இல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் ஐந்நூறு கிலோவுக்கும் மேல். 1997இல் 18 கிலோ. புற்றுநோய் வார்டுகள் அலறின. உலகுக்குச் சட்டபூர்வமாக அபின் விளைவித்துக் கொடுக்கும் நாடு நம்முடையது. நீமுச்சிலும் காஜிப்பூரிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கின்றன. நம் வயலில் விளைந்தது கப்பலேறிப் போக, நம் நோயாளிகள் வெறுங்கையோடு படுத்திருந்தார்கள். மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் கோழிக்கோட்டிலும் பிறகு திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பிலும் இருந்து இருபது வருஷம் தட்டிய பிறகு, 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் ‘அத்தியாவசியம்’ ஆயின. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம்.

அதற்குள் காலியிடம் காலியாகவே இருந்துவிடவில்லை. 2019இல் வெளியான மத்திய அரசின் தேசியக் கணக்கெடுப்பு, அபின் வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி என்றது. இதில் ஹெராயின் எடுப்பவர்கள் மக்கள்தொகையில் 1.14 விழுக்காடு, மருந்துக்கடை வகைகளை எடுப்பவர்கள் அதற்குச் சற்றே குறைவாக, 0.96 விழுக்காடு. புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைக்க உரிமம் தேடிய ஊரில், ஆறு டிராமடால் அட்டை எந்தச் சீட்டும் இல்லாமல் கிடைத்தது. பற்றாக்குறையும் பெருக்கமும் ஒரே தெருவில், எதிரெதிர் கடைகளில்.

சரி, அண்ணாச்சிக்கு என்னதான் செய்யலாம்?

நாள்பட்ட வலி எல்லாவற்றுக்கும் அபின் வகைதான் தீர்வு என்று நினைக்க வேண்டியதில்லை. முதுகுவலிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் ஒரு வருஷம் ஒப்பிட்டுப் பார்த்து 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அபின் வகை மற்ற மாத்திரைகளைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. அண்ணாச்சியின் நரம்பு வலிக்குப் பொருத்தமானவை வேறு: ராத்திரியில் சின்ன டோஸ் அமிட்ரிப்டிலின், கபபென்டின் வகை, மேலே தடவக் கேப்சைசின் களிம்பு. ஆமாம், மறுபடியும் மிளகாய்தான். தொடர்ந்து தடவினால் அந்தக் கதவு சோர்ந்துபோகும். பிசியோதெரபி, இறுகிய தழும்பைத் தளர்த்தும் பயிற்சி, தூக்கம். ஆனால் குடிப்பவருக்கு ஒவ்வொன்றிலும் ஒரு முள் இருக்கிறது. பாரசிட்டமால் அளவைப் பாதியாக்க வேண்டும், ஈரல் தாங்காது. டைக்ளோஃபெனாக் வகை, மதுவோடு சேர்ந்து வயிற்றில் ரத்தக்கசிவு உண்டாக்கும். டூலாக்ஸெட்டின் ஈரல் கெட்டவருக்கு ஆகாது. கபபென்டின் வகையைக் குவார்ட்டரோடும் வலி மாத்திரையோடும் கலந்தால் மூச்சு மந்தமாகும். டிராமடால் அளவு மீறினால் வலிப்பு வரும்; மது இறங்கும்போதும் வலிப்பு வரும்; இரண்டும் ஒரே விடியற்காலையில் சந்திக்கலாம். குடிக்கிறீர்களா என்று கேட்காமல் எழுதும் சீட்டு குருட்டுச் சீட்டு. குடிக்கிறீர்களா என்று அதட்டிக் கேட்டால் கிடைக்கும் பதில் ‘இல்ல சார்’. இரண்டும் ஒன்றுதான்.

குடியை நிறுத்த வீட்டார் எடுக்கும் முயற்சியிலும் ஒரு பொறி உண்டு. நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரை மது மோகத்தைக் குறைக்கும், நல்ல மருந்துதான். ஆனால் அது அபின் ஏற்பிகளை அடைத்து வேலை செய்கிறது. டிராமடால் எடுப்பவர் என்று தெரியாமல் கொடுத்தால் சில நிமிடங்களிலேயே வாந்தி, நடுக்கம், உடம்பெல்லாம் வலி. நால்ட்ரெக்ஸோன் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஆபீஸில் புதிதாகத் தீப்பட்டால், வார்டில் போடும் மார்ஃபின் ஏறாது. சோற்றில் தெரியாமல் டைசல்ஃபிரம் கலந்து போடும் வழக்கம் இன்னும் மோசம். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

அதே போல, தீக்காயத்தோடு சேர்க்கப்பட்ட ஒருவர் இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி, கட்டைப் பிய்த்தால், பைத்தியம் என்று கட்டிலோடு கட்டுவது வழக்கம். தினமும் குடித்தவருக்கு மது நின்ற 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும் சன்னி அது. சிகிச்சை தெரிந்ததுதான்: டயசிபாம் வகை, தயமின். முதல் நாளே கேட்டிருந்தால் வராமலே தடுக்கலாம். வெந்த உடம்போடு சன்னி வந்தால் ஒட்டிய தோல் கிழியும்.

மாத்திரைப் பழக்கத்துக்கு வருவோம். ஆறை நாளையே சுழியம் ஆக்கச் சொல்வது நடக்காது, நடந்தாலும் நிலைக்காது. இங்கே பயன்படும் மருந்து பியூப்ரெனார்ஃபின். 1960களில் இங்கிலாந்தில் பிறந்தது. இதற்குச் சென்னையில் ஒரு பழைய கதை உண்டு: 1990களில் இந்த மருந்தின் ஊசி வடிவத்தையே நகரத்து இளைஞர்கள் போதைக்கு ஏற்றிக்கொண்டார்கள், ஒரே சிரிஞ்சைப் பகிர்ந்துகொண்டதால் எச்.ஐ.வி.யும் கூடவே பரவியது. பிறகு அதே மருந்து, நாக்கடியில் கரையும் மாத்திரையாக, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மாற்று மருந்துச் சிகிச்சையில் 2007 வாக்கில் மருந்தாகவே திரும்பி வந்தது. ஏற்பியில் இறுக்கமாக உட்காரும், ஆனால் பாதிச் சாவிதான் திருகும். அதனால் ஏக்கம் அடங்கும், மூச்சு நின்றுபோகும் ஆபத்து மற்ற அபின் வகைகளைவிடக் குறைவு.

வலி உள்ளவர்களிடம் இதில் நடக்கும் ஒரு பிழை மிகச் சாதாரணமானது, திருத்தவும் எளிது. பியூப்ரெனார்ஃபின் ஏக்கத்தை ஒரு நாள் முழுக்க அடக்கும். வலியை ஆறு முதல் எட்டு மணி நேரம்தான். மெத்தடோனும் அப்படியே. காலையில் ஒரே வேளையாகக் கொடுத்துவிட்டு ‘மருந்துதான் எடுத்துக்கிட்டயே, அப்புறம் என்ன வலி’ என்று கேட்டால், மாலை நாலு மணிக்கு அவருடைய கையில் வலி தணிக்கும் மருந்து எதுவும் இல்லை என்பதே பதில். அதே அளவை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். அறுவையோ புதுக் காயமோ வந்தால் இந்த மருந்தை நிறுத்தக் கூடாது. அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு அதன்மேல் வலிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும், வழக்கத்தைவிடக் கூடுதலாக.

நம் மாற்று மருந்து மையங்கள் ஊசி போடுபவர்களை மனத்தில் வைத்து அமைந்தவை. மாத்திரை விழுங்கும் 45 வயதுக்காரர் அங்கே போய் நிற்பதில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே பெயர் மறுவாழ்வு மையம். அங்கே வலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வலி கிளினிக்குகளோ குடிப்பவரை ‘முதல்ல அதை விட்டுட்டு வா’ என்று அனுப்பிவிடுகின்றன. வலி அடங்காமல் குடி நிற்காது, குடி நிற்காமல் வலிக்கு மருந்து இல்லை. இரண்டு கவுண்ட்டருக்கும் நடுவில் அவர் அலைகிறார். அவருக்குப் போலீஸ் பயமும் உண்டு. தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுக்கும் பழக்க நோயாளியை, சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கிலிருந்து விலக்கும் 64-ஏ என்ற பிரிவு அதே 1985 சட்டத்தில் இருப்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும் என்பதையும்.

சர்வதேச வலி ஆய்வுக் கழகம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது அதோடு ஆறு குறிப்புகளைச் சேர்த்தது. அதில் ஒன்று, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பது. குடிப்பவர் சொன்னால் தவிர என்று அதில் இல்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. திருத்தங்கல் தெருக்களில் அந்தப் பையோடு ஒரு செவிலியர் நடந்து போகும்போது, வாசல் திண்ணையில் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘குடிப்பீங்களா’ என்று தொடங்கினால் அவர் உள்ளே போய்விடுவார். கேட்க வேண்டியது வேறு கேள்வி.

“ராத்திரி வலிச்சா என்ன எடுத்துக்கிடுறீங்க அண்ணாச்சி?”

அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்ப்பார். பிறகு மடங்காத விரல்களால் சட்டைப் பைக்குள் துழாவி அட்டையை எடுத்து நீட்டுவார். அதன் பின்பக்கத்தில் பெயர் இருக்கும், மில்லிகிராம் இருக்கும். பத்தில் நான்கு மிச்சம் இருக்கும்.